பைக்கில் சென்னையிலிருந்து நெல்லை வரை: மோட்டலா, பைபாஸ் ஹோட்டலா, ஊர் மெஸ்ஸா, கட்டுச்சோறா?

சென்னையிலிருந்து மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ பைக்கில் கிளம்புகிறவர்கள், வண்டியை சர்வீஸ் விடுவார்கள், டயரைப் பார்ப்பார்கள், செயினுக்கு எண்ணெய் போடுவார்கள். சாப்பாடு என்று வந்தால் மட்டும் "வழியில எங்கே நல்லா இருக்கும்?" என்ற ஒரே கேள்விதான். பத்துப் பேரிடம் கேட்டால் பத்துக் கடை சொல்வார்கள். எல்லாமே நல்ல கடைகளாகவும் இருக்கும். குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

காரில் போகிறவருக்கு ஏற்ற கடை பைக்கில் போகிறவருக்கும் ஏற்றதாக இருக்க வேண்டும் என்றில்லை. காரில் சாப்பிட்டுவிட்டு ஸ்டியரிங்கை இன்னொருவரிடம் கொடுத்துப் பின்சீட்டில் சாயலாம். பைக்கில் சாப்பிட்டவரேதான் அடுத்த நூறு கிலோமீட்டரையும் வெயிலில், ஜாக்கெட்டோடு, ஹெல்மெட்டோடு ஓட்ட வேண்டும். அதனால் கடையின் பெயரைக் கேட்பதற்கு முன் ஒன்றைக் கேட்டுக்கொள்ளச் சொல்வேன்: இதைச் சாப்பிட்டபின் இன்னும் எவ்வளவு தூரம் ஓட்ட வேண்டும்? இதற்கு வரும் பதிலைப் பொறுத்து, ஒரே கடை காலையில் சரியாகவும் மதியம் தப்பாகவும் ஆகும்.

எனக்கு நன்றாகத் தெரிந்த தடம் தாம்பரம், திண்டிவனம், விழுப்புரம், திருச்சி, மதுரை, கோவில்பட்டி, நெல்லை. மொத்தம் 620 கிலோமீட்டர் சுமாருக்கு வரும். அதை வைத்தே சொல்கிறேன்.

## எதை வைத்து எடை போடுவது

முதலில் தூக்கம். மதியம் இரண்டிலிருந்து நான்கு மணிவரை உடம்பு தானாகவே மந்தமாகும் நேரம். பட்டினியாக இருந்தாலும் அது வரும். அதன்மேல் ஒரு முழுச் சாப்பாட்டை ஏற்றிக்கொண்டு, வளைவு அதிகமில்லாத நான்கு வழிச் சாலையில் எழுபது எண்பதில் போனால், கண் திறந்திருக்கும்போதே சில நொடி நினைவு நழுவும். காபி குடித்தால் தெளிந்துவிடும் என்பதைப் பாதிதான் நம்பலாம். காபி வேலை செய்ய இருபது முப்பது நிமிடமாவது ஆகும். அதற்குள் முப்பது கிலோமீட்டர் போயிருப்போம்.

அடுத்தது வயிறு. காரில் வயிற்றைக் கலக்கினால் சங்கடம். பைக்கில் கலக்கினால் பயணமே நின்றுவிடும். எது சூடாக அப்போதே கல்லிலிருந்தோ ஆவியிலிருந்தோ வருகிறது, எது காலையிலிருந்து வாளியில் கிடக்கிறது என்று பார்த்துச் சாப்பிட வேண்டும். தேங்காய்ச் சட்னி இதில் முதல் சந்தேகம்.

மூன்றாவது, வண்டி கண்ணில் படுமா? சாடில் பேக், டேங்க் பேக், ஹெல்மெட் எல்லாவற்றையும் கழற்றி உள்ளே தூக்கிக்கொண்டு போக முடியாது. உட்காரும் இடத்திலிருந்து வண்டி தெரிந்தால்தான் நிம்மதியாகச் சாப்பாடு இறங்கும். தனியாகப் போகிறவருக்கு இது இன்னும் முக்கியம்.

கழிப்பறை, குறிப்பாகப் பெண்களுக்கு. கழிப்பறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமலே ஓட்டும் பெண்கள் நிறையப் பேர். ஓடும் வண்டியில் வியர்வை காற்றில் உடனே காய்ந்துவிடுவதால் உடம்பில் நீர் குறைவது தெரியாது; தலைவலியும் எரிச்சலும் வந்த பிறகுதான் தெரியும். சுத்தமான கழிப்பறை இல்லாத கடை, சாப்பாடு எவ்வளவு ருசியாக இருந்தாலும், அவர்களுக்கு நல்ல கடை இல்லை.

கடை எந்தப் பக்கம் என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. டிவைடருக்கு அந்தப் பக்கம் இருக்கும் கடைக்குப் போக, ஒன்றிரண்டு கிலோமீட்டர் தாண்டி யூ-டர்ன் அடித்து, சாப்பிட்டபின் மறுபடி ஒரு யூ-டர்ன் அடிக்க வேண்டும். அதைத் தவிர்க்க சர்வீஸ் ரோட்டில் எதிர்த்திசையில் வருகிறவர்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம். ஒரு தோசைக்காக எடுக்கும் ஆபத்தாக அது இருக்கக் கூடாது. இடப்பக்கக் கடைகளை மட்டும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

நமக்குச் சாதகமான விஷயமும் ஒன்று உண்டு. தேசிய நெடுஞ்சாலை டோல்கேட்டில் பைக்குக்குக் கட்டணம் கிடையாது. பைபாஸை விட்டு ஊருக்குள் இறங்கிச் சாப்பிட்டுவிட்டு மறுபடி ஏறினால் செலவாவது நேரம் மட்டும்தான்.

ருசியையும் விலையையும் இதற்கெல்லாம் பிறகுதான் வைப்பேன்.

## பஸ் நிற்கும் மோட்டல்

விக்கிரவாண்டியைச் சுற்றியும் அதற்கு அப்பாலும் இவை நிறைய. இங்கே எங்கு நிறுத்துவது என்று முடிவு செய்பவர் சாப்பிடுகிறவர் இல்லை, பஸ்ஸை ஓட்டுகிறவர். வாடிக்கையாளர் திரும்பி வருவாரா என்ற கவலை இல்லாத கடையில் சமையல் எப்படி இருக்குமோ அப்படித்தான் பெரும்பாலும் இருக்கும். புரோட்டாவை முன்கூட்டியே சுட்டுக் குவித்து வைத்து, கேட்கும்போது கல்லில் ஒரு திருப்பு திருப்பித் தருவார்கள். தண்ணீர் பாட்டிலை அச்சிட்ட விலைக்கு மேல் விற்கும் இடங்களும் உண்டு.

பிறகு ஏன் இதைப் பட்டியலில் வைத்திருக்கிறேன் என்றால், நள்ளிரவு தாண்டி மாட்டிக்கொண்டவருக்கு வேறு வழியில்லை. வெளிச்சம், ஆள் நடமாட்டம், உட்கார இடம், சுமாரான ஒரு கழிப்பறை எல்லாம் அந்த நேரத்தில் அங்கேதான் கிடைக்கும். சூடான டீ, பாக்கெட் பிஸ்கட், வேகவைத்த முட்டை. அதோடு நிறுத்திக்கொண்டு, கண் தெளியும்வரை உட்கார்ந்துவிட்டுப் போங்கள்.

## பைபாஸ் ஓரச் சைவ ஹோட்டல்

அடையார் ஆனந்த பவன், சரவண பவன் போன்ற பெரிய பெயர்களும், அவற்றைப் பார்த்து வந்த உள்ளூர் ஹோட்டல்களும், செங்கல்பட்டு தாண்டியதும் வரிசையாக வரும் கும்பகோணம் டிகிரி காபிக் கடைகளும் இந்த வகை. எந்த ஊரில் நின்றாலும் ஒரே ருசி என்று இவற்றைக் குறை சொல்கிறவர்கள் உண்டு. எதிர்பார்த்ததே கிடைக்கும் என்பது நெடும்பயணத்தில் பெரிய வசதி. இட்லி ஆவியிலிருந்து வருகிறது, கை கழுவ சோப்பு இருக்கிறது, கழிப்பறையைச் சுத்தம் செய்ய ஆள் இருக்கிறார், வண்டி நிறுத்த மைதானம் போல இடம் இருக்கிறது. பத்து பைக்கில் போகும் குழு ஒரே நேரத்தில் உட்கார வேறு இடமும் இல்லை. காலை ஏழிலிருந்து ஒன்பது மணிக்கு இதைவிடச் சரியான தேர்வு இந்தத் தடத்தில் இல்லை என்பது என் முடிவு.

மறைந்திருக்கும் செலவு இரண்டு. ஒன்று நேரம். பொங்கல், தீபாவளி, நீண்ட வார இறுதி நாட்களில் பில் போட ஒரு வரிசை, வாங்க ஒரு வரிசை, மேசைக்கு ஒரு காத்திருப்பு என்று முக்கால் மணி நேரம் போய்விடும். இன்னொன்று, கேட்டு வாங்கும் பலகாரத்தில் இருக்கிறது. நெய் மிதக்கும் வெண்பொங்கலும் வடையும் கண்ணைக் கவரும். ஓட்டுகிறவருக்கு அது வேண்டாம். அரிசியும் பருப்பும் நெய்யும் சேர்ந்த அந்தக் கனம் விழுப்புரம் தாண்டுவதற்குள் தெரிந்துவிடும். இரண்டு இட்லி, ஒரு சாதா தோசை, சாம்பார், ஒரு காபி போதும். மினி டிபன் தட்டைப் பின்னால் உட்கார்ந்து வருகிறவர் சாப்பிடட்டும்.

பெண்கள் ஓட்டும் பயணத்திலும், பிள்ளைகளை அழைத்துப்போகும் பயணத்திலும் மற்ற எல்லா அளவுகோலையும் தள்ளிவைத்து இதையே தேர்ந்தெடுக்கலாம்.

## ஊருக்குள் இருக்கும் மெஸ்

இந்தத் தடத்தில் பைக் ஓட்டுவதற்கே ஒரு காரணம் என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். பைபாஸ் வந்த பிறகு ஊர்களெல்லாம் பெயர்ப்பலகையாகச் சுருங்கிவிட்டன. மெஸ்ஸைத் தேடி இறங்கினால்தான் ஊர் கண்ணில் படுகிறது.

மதுரையைவிட இதற்கு ஏற்ற ஊர் கிடையாது. அயிரை மீன் குழம்பு ஊற்றிய சோற்றைச் சாப்பிட்டவர்கள் அந்த ஊரின் பெயரைக் கேட்டாலே அதைத்தான் நினைப்பார்கள். விரல் நீளம்கூட இல்லாத மீன். முள் தெரியாமல் முழுசாக வாயில் போகும். புளியும் மண் வாசனையும் சேர்ந்த குழம்பு. இரவானால் சிம்மக்கல் பக்கம் கறி தோசை. கனமாக ஊற்றிய தோசை மாவின் மேல் முட்டை, அதன்மேல் கொத்துக்கறி, திருப்பிப் போட்டு அழுத்திச் சுட்டு எடுப்பார்கள். ஒன்று சாப்பிட்டால் இன்னொரு பலகாரத்துக்கு வயிற்றில் இடமிருக்காது.

மதுரை மெஸ்களில் இலை போட்டதும் ஒருவர் பெரிய தட்டோடு வந்து நிற்பார். சின்னச் சின்னக் கிண்ணங்களில் சுக்கா, ஈரல், குடல், நண்டு, காடை, மீன் வறுவல் என்று வரிசையாக இருக்கும். கண்ணால் பார்த்துக் கையால் காட்டினால் கிண்ணம் இலைக்குப் பக்கத்தில் இறங்கும். அழகான வழக்கம். ஆனால் ஒவ்வொரு கிண்ணத்துக்கும் தனி விலை என்பதும், சாப்பாட்டு விலையைவிட அந்தக் கிண்ணங்களின் கூட்டுத்தொகை பல மடங்கு வரும் என்பதும் புதிதாக வருகிறவருக்கு பில் வரும்போதுதான் தெரியும். கை காட்டுவதற்கு முன் விலையைக் கேட்டுக்கொள்வதில் தவறே இல்லை; சங்கடப்படாமல் சொல்வார்கள். குழம்புகளுக்குத் தனிக் காசு கிடையாது, கேட்டால் மாற்றி மாற்றி ஊற்றுவார்கள். கோழிக் குழம்பு, மட்டன் குழம்பு, மீன் குழம்பு என்று மூன்றையும் ருசித்துவிட்டு ஒரே ஒரு கிண்ணம் மட்டும் எடுத்தால் காசும் மிஞ்சும், வயிறும் லேசாக இருக்கும்.

பிரியாணிக்காகத் திண்டுக்கல் வழியாகப் போகலாமா என்பது அடிக்கடி வரும் கேள்வி. திருச்சியிலிருந்து மேலூர் வழியாக நேரே மதுரைக்குப் போவதைவிட, மணப்பாறை, திண்டுக்கல் சுற்றிப் போனால் முப்பது கிலோமீட்டர் சுமாருக்குக் கூடும். தலப்பாக்கட்டி பிரியாணி 1957இல் அங்கே தொடங்கியது. பாசுமதி இல்லாமல் சீரகச் சம்பா அரிசியில் செய்யும் பிரியாணிக்கு அந்த ஊர் பெயர் வாங்கியது. இப்போது அது சென்னையிலேயே கிடைக்கிறது என்பதால், அந்தப் பெயருக்காக மட்டும் சுற்ற வேண்டாம். வழியில் மணப்பாறையில் முறுக்கும் வாங்க வேண்டும், திண்டுக்கல்லில் ஒரு சின்னக் கடையில் உட்கார்ந்து சாப்பிடவும் வேண்டும் என்று ஆசை இருந்தால் தாராளமாகச் சுற்றுங்கள். மணப்பாறை முறுக்குக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. பையில் நொறுங்காமல் இருக்க டின்னில் போட்டு எடுத்துப்போக வேண்டும்.

மெஸ்ஸின் மறைமுகச் செலவுகள் பெரியவை. மதியச் சாப்பாடு பன்னிரண்டரைக்குச் சூடாக இருக்கும், மூன்று மணிக்கு முடிந்துவிடும். இரண்டே முக்காலுக்குப் போய் நின்றால் நல்லதெல்லாம் தீர்ந்திருக்கும். புரட்டாசியில் அசைவக் கடைகள் பல சுருக்கிக்கொள்ளும். சந்துக்குள் வண்டி நிறுத்த இடம் தேட வேண்டும், நிறுத்திய இடம் உள்ளேயிருந்து தெரியாது. கழிப்பறையை எதிர்பார்க்க வேண்டாம். ஊருக்குள் போய் வரக் குறைந்தது ஒன்றரை மணி நேரம். எல்லாவற்றையும்விட, அந்தச் சாப்பாட்டுக்குப் பிறகு ஓட்டவே கூடாது.

ஆகவே மெஸ் சாப்பாடு அன்றைய ஓட்டம் முடிகிற ஊரில்தான். லாட்ஜில் பையை இறக்கிவிட்டு, குளித்து, ஜாக்கெட் இல்லாமல் நடந்துபோய்ச் சாப்பிடுங்கள். வழியில்தான் சாப்பிட்டாக வேண்டும் என்றால், ஒரு மணி நேரம் படுத்து எழ இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு போங்கள்.

## டீக்கடையும் புரோட்டாக் கடையும்

காலை டீக்கடையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வண்டி ஐந்தடியில் நிற்கும், எண்ணெயிலிருந்து எடுத்த மெதுவடை சூடாக இருக்கும், பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் முன்னால் சாலை எப்படி இருக்கிறது, எங்கே வேலை நடக்கிறது என்று சொல்வார். மழை பிடித்துக்கொண்டால் ஒதுங்கவும் அதே கூரைதான். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை முதுகை நிமிர்த்த இதைவிட நல்ல சாக்கு இல்லை.

இரவுப் புரோட்டாக் கடை வேறு விஷயம். மதுரைக்குத் தெற்கே ஐம்பது கிலோமீட்டரில் விருதுநகர். அங்கே எண்ணெய்ப் புரோட்டா. நடுவில் குழிந்த பெரிய கல்லில் எண்ணெய் நிற்கும். சின்ன வட்டமாகத் தட்டிய புரோட்டா அதில் மிதந்து வெந்து, ஓரம் அப்பளம் போல மொறுமொறுவென்றும் நடு மடிப்புகள் மெத்தென்றும் வரும். இலையில் விழுந்ததும் கையால் நொறுக்கி, குழி பண்ணி, சால்னாவை ஊற்றி அரை நிமிடம் ஊறவிட வேண்டும். அதற்குமேல் விட்டால் மொறுமொறுப்பு போய்விடும். மைதாவும் எண்ணெயும் என்பதால் ஜீரணமாக நேரமாகும். இதுவும் ஓட்டம் முடிந்த பிறகு சாப்பிடுவதற்கானது. விருதுநகரில் தங்கப் போகிறீர்கள் என்றால் மட்டும் நான்கு சாப்பிடுங்கள். நெல்லைவரை போக வேண்டும் என்றால் இரண்டோடு எழுந்துவிடுங்கள்.

வயிற்றுக்கு இங்கே பயம் எண்ணெயில் இல்லை. கொதிக்கும் சால்னாவும் கல்லிலிருந்து வரும் புரோட்டாவும் பெரும்பாலும் பாதுகாப்பானவை. வெட்டி வைத்த வெங்காயம், குடத்துத் தண்ணீர், பக்கத்து கிரில் கடையின் மயோனைஸ் இவைதான் கவனிக்க வேண்டியவை. பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை போட்டது, வயிற்றைக் கெடுக்கும் கிருமிகள் அதில் சீக்கிரம் பெருகுகின்றன என்பதால்தான்.

## கட்டுச்சோறும் சாலையோரப் பழமும்

பழைய ஆட்கள் புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போனதைச் சிக்கனம் என்று நினைக்கிறோம். பைக்குக்கு மதிய நேரத்தில் இதைவிடப் பொருத்தமான சாப்பாடு இல்லை. அளவு நம் கையில் இருக்கிறது. கழுவிய கை, தெரிந்த அரிசி, தெரிந்த எண்ணெய். நல்லெண்ணெயில் செய்த புளியோதரை மறுநாள்கூடக் கெடாது. தயிர்சாதத்துக்குப் பாலை அதிகமாகவும் தயிரை ஒரு கரண்டியாகவும் விட்டுப் பிசைந்தால் மதியத்துக்குள் சரியாகப் புளித்திருக்கும். மிளகாய்ப்பொடியும் எண்ணெயும் தடவிய இட்லியும் அப்படியே. சட்னி, சாம்பார் வேண்டாம். வண்டி அதிர்வில் டப்பா மூடி கழன்று துணியெல்லாம் நனையும்.

பொதியை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். பெரும்பாலான வண்டிகளில் சைலன்சர் வலப்பக்கம். வலப்பக்க சாடில் பேக்கில் வைத்த தயிர்சாதம் திருச்சி போவதற்குள் சூடேறிப் புளித்துவிடும். சாப்பாடு இடப்பக்கப் பையில், துணிக்கு நடுவில். வாட்டிய வாழை இலையில் கட்டினால் டப்பாவைக் கழுவித் திருப்பி எடுத்துவரும் வேலையும் இல்லை.

இதன் குறை, உட்கார்ந்து சாப்பிட இடம். நான்கு வழிச் சாலை போட்டபோது நிழல் தந்த மரங்கள் பல போய்விட்டன. சாலை ஓரத்தில் வண்டியை நிறுத்திச் சாப்பிடுவது ஆபத்து. பெரிய பெட்ரோல் பங்க்கில் எண்ணெய் போட்டுவிட்டு, கழிப்பறையைப் பயன்படுத்திவிட்டு, ஓரமாக நிழலில் உட்காரக் கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

கூடவே சாலையோரத்தில் வாங்குபவை. கோடையில் மதுராந்தகத்திலிருந்து திண்டிவனம்வரை தர்பூசணி மலை மலையாகக் கிடக்கும். முழுசாக வாங்கி அப்போதே வெட்டச் சொல்லுங்கள், துண்டு போட்டு வைத்ததை வாங்காதீர்கள். சாத்தூரில் வெள்ளரிப்பிஞ்சு. நெல்லைப் பக்கம் பதநீர், அதைக் காலையிலேயே குடித்துவிட வேண்டும். வெயில் ஏறினால் புளிக்கும். இளநீர் எங்கும் கிடைக்கும். கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பைக் பயணத்துக்கு அது மிகவும் ஏற்றது. சாக்லேட் போல வெயிலில் உருகி வழியாது, ஜாக்கெட் பையில் கிடக்கும், இரண்டு துண்டு தின்றால் அடுத்த ஊர்வரை தாங்கும்.

## ஒரே பார்வையில்

| இடம் | சாப்பிட்டபின் ஓட்டலாமா | வண்டி கண்ணில் படுமா | கழிப்பறை | எப்போது |
|---|---|---|---|---|
| மோட்டல் | டீயோடு நிறுத்தினால் ஆம் | படும் | சுமார் | நள்ளிரவு, வேறு வழியில்லாதபோது |
| பைபாஸ் சைவம் | இட்லி, தோசை என்றால் ஆம் | பெரும்பாலும் | நல்லது | காலை, குழு, பெண்கள், பிள்ளைகள் |
| ஊர் மெஸ் | கூடாது | படாது | எதிர்பார்க்க வேண்டாம் | தங்கும் ஊரில் |
| டீக்கடை | ஆம் | படும் | இல்லை | விடியல், மழை, சின்ன நிறுத்தம் |
| புரோட்டாக் கடை | கூடாது | படும் | இல்லை | இரவு, ஓட்டம் முடிந்தபின் |
| கட்டுச்சோறு | ஆம் | படும் | பங்க்கில் | மதியம் |

## ஒரு நாளில் எப்படிக் கலப்பது

விடியற்காலை ஐந்துக்குத் தாம்பரம் தாண்டினால், மதுராந்தகம் பக்கம் டீ, திண்டிவனம் விக்கிரவாண்டிக்கு இடையில் எட்டு மணிக்குள் இட்லி, பெரம்பலூருக்கு முன்னால் ஒரு இளநீர், திருச்சி சுற்றுவட்டாரத்தில் பன்னிரண்டுக்குத் தயிர்சாதம். வெயில் தணியும்வரை அங்கேயே நிழலில் இருந்துவிட்டு, ஐந்து ஆறு மணிக்கு மதுரை. இரவு கறி தோசை. மறுநாள் நெல்லைக்கு 160 கிலோமீட்டர்தான். மதியத்துக்குள் முடிந்துவிடும் என்பதால் அங்கே இலைச் சாப்பாடு தாராளமாகச் சாப்பிடலாம். இருட்டுக்கடை அல்வா மாலையில்தான் கிடைக்கும், ஆகவே அன்றிரவு அங்கே தங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

மதுரையிலிருந்து ஒரே நாளில் சென்னைக்குத் திரும்புகிறவர்களுக்குக் கணக்கு மாறும். காலைப் பலகாரம் மேலூர் தாண்டி, மதியப் பசி விழுப்புரத்துக்கு முன்னால், மந்தமான நேரம் திண்டிவனத்தில். ஞாயிற்றுக்கிழமை என்றால் செங்கல்பட்டிலிருந்து தாம்பரம்வரை நெரிசலில் ஊர வேண்டியிருக்கும், வீடு சேர ஒன்பதாகலாம். இரவுச் சாப்பாட்டை வீட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாமல், செங்கல்பட்டுக்கு முன்பே இடப்பக்கமாக ஒரு சைவ ஹோட்டலில் நிறுத்தி, இரண்டு இட்லி சாப்பிட்டு, தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொண்டு நெரிசலுக்குள் நுழையுங்கள்.